பல்லி இல்லை, ஹார்ட் டிஸ்க்

எங்கள் அடுக்ககத்தில் மாடிப்படிக்குக் கீழே வாட்ச்மேன் உட்காரும் மூலையில் சிசிடிவி பெட்டி இருக்கிறது. அதற்கு மேலே பிள்ளையார் படம், பக்கத்தில் வரிசையாக மின்மீட்டர்கள், கீழே காலி தண்ணீர் கேன்கள். சென்ற வாரம் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது அங்கிருந்து ஒரு சத்தம் கேட்டது. டிக், டிக், டிக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டிக், டிக், டிக்.

"பல்லி சார். ரெண்டு நாளா சொல்லிக்கிட்டே இருக்கு. என்ன பலனோ தெரியல" என்றார் வாட்ச்மேன்.

பல்லி இப்படி அளந்து வைத்தாற்போலச் சொல்லாது. பால் பாக்கெட்டைப் படியில் வைத்துவிட்டு அந்தப் பெட்டியின் மேல் விரல் நுனிகளை வைத்தேன். ஒவ்வொரு டிக்குக்கும் தகரம் மெல்ல அதிர்ந்தது. உள்ளே ஹார்ட் டிஸ்க்கின் தகவலைப் படிக்கும் தலை, சுழலும் தட்டில் தன் தடத்தைத் தேடுகிறது. கிடைக்காமல் ஓரத்துக்குப் போய்த் திரும்பி வருகிறது. சங்கச் செயலாளரைக் கூப்பிட்டு, வேண்டிய பதிவுகள் எடுக்க முடிந்தால் இன்றே எடுத்துவிட்டு வேறு டிஸ்க் போடச் சொன்னேன். இரவு பகல் என்று ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும் டிஸ்க் அது, அதற்கும் ஓர் ஆயுள் உண்டு. வீட்டுக்கு வந்து காபி போடும்போது, மெயின் ரோட்டில் நான் நடத்திய கடையும், அங்கே எந்நேரமும் இருக்கும் சால்டரிங் புகை வாசனையும் வரிசையாக வர ஆரம்பித்துவிட்டன.

அப்போது எங்கள் மாடம்பாக்கம் பேரூராட்சி. தாம்பரம் மாநகராட்சி என்பதெல்லாம் 2021-இல் வந்தது. கேம்ப் ரோட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தால் வழியில் காலி மனைகளும் முள்வேலியும்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும், ராகு காலத்தில் சரபேஸ்வரரைக் கும்பிட தேனுபுரீஸ்வரர் கோயிலுக்கு வரும் கூட்டத்தால் தெரு நிறையும். பத்துக்குப் பன்னிரண்டு கடை, மேலே ஆஸ்பெஸ்டாஸ். கம்ப்யூட்டர் என்றாலே அந்நாளில் அசெம்பிள்டு சிஸ்டம்தான். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி, ரிச்சி ஸ்ட்ரீட்டில் மதர்போர்டு ஒரு கடையில், கேபினட் இன்னொரு கடையில், ஹார்ட் டிஸ்க் வேறொரு கடையில் என்று வாங்கி வருவேன். மற்றதெல்லாம் மேலே லக்கேஜ் கம்பியில் இருக்கும். ஹார்ட் டிஸ்க் மட்டும், வெள்ளிநிற உறையோடு, என் மடியில் இருக்கும். 40 ஜிபி. அதை நிரப்ப ஒரு ஆயுள் வேண்டும் என்று வாங்கியவர்கள் நம்பினார்கள்.

கடைக்கு வருபவர்களில் ஒருவர் விமானப்படையில் என்ஜின் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். தாம்பரம் விமானப்படைத் தளம் பக்கத்தில் இருப்பதால் சேலையூரிலும் மாடம்பாக்கத்திலும் அப்படிப் பலர் மனை வாங்கிக் குடியேறியிருந்தார்கள். காலை நடையை முடித்துக்கொண்டு வருவார். பெஞ்சில் உட்கார்ந்து, நான் பிரித்துப் போட்டிருக்கும் எதையாவது பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள், பூட் ஆகாத சிபியு ஒன்றோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது எழுந்து வந்தார். மேஜைமேல் கிடந்த நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்து, அதன் முனையை ஹார்ட் டிஸ்க்கின் மூடியில் மெதுவாக வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டார்.

"தம்பி, நீங்க திரையையே பார்க்குறீங்க. இதைக் கொஞ்சம் கேளுங்க. பேரிங் போகுது."

வாங்கிக் கேட்டேன். தெருவில் போகும் லாரிச் சத்தம் முழுக்க மறைந்து, கைப்பிடி வழியாக அந்தச் சின்னப் பெட்டியின் உட்புறம் தலைக்குள் வந்துவிட்டது. சீரான சுழற்சிக்கு நடுவே ஒரு கீச்சல், ஏறி இறங்கி ஏறியது. அவர் சொன்னதுதான். அன்று அந்த டிஸ்க்கிலிருந்து எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்தோம். அது அடுத்த மாதம் ஓடவில்லை.

அதற்குப் பிறகு நான் எந்த டிஸ்க்கையும் முதலில் காதால்தான் பார்த்தேன். ஒரே தாளத்தில் டிக் டிக் என்றால் தலை தன் தடத்தைக் காணவில்லை. உலோகத்தை உரசும் சத்தம் வந்தால் தலை தட்டைத் தொட்டுவிட்டது, அந்த நொடியே மின்சாரத்தை நிறுத்தவேண்டும், ஒவ்வொரு சுற்றிலும் தகவல் தூளாக உதிர்கிறது. லேப்டாப் டிஸ்க்கோ கையடக்க டிஸ்க்கோ மெலிதாகப் பீப் பீப் என்றால், தலை தட்டோடு ஒட்டிக்கொண்டு மோட்டார் சுழல முடியாமல் தவிக்கிறது. பீரோவில் வருஷக்கணக்கில் வைத்திருந்து எடுத்தவர்களும், ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே போட்டவர்களும் இந்தச் சத்தத்தோடுதான் வருவார்கள். எந்தச் சத்தமுமே இல்லை என்றால் பெரும்பாலும் கீழே இருக்கும் சர்க்யூட் போர்டு. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் கருகல் வாசனை இருக்கும்.

அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இந்தச் சத்தங்களுக்கு மரியாதை வரும். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் டிஸ்க் ஒரு நொடிக்கு 120 முறை சுழல்கிறது. மூன்றரை அங்குலத் தட்டின் விளிம்பு மணிக்கு 120 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் போகிறது. அதற்கு மேலே தலை, தொடாமல், காற்றின் மெல்லிய படலத்தில் மிதக்கிறது. இப்போதைய டிஸ்க்குகளில் அந்த இடைவெளி சில நானோமீட்டர்தான். மனித முடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். சிகரெட் புகையின் ஒரு துகளே அந்த இடைவெளியை விடப் பல மடங்கு பெரியது. அதனால்தான், "மூடியைத் திறந்து பார்த்துடுங்களேன்" என்று யார் கேட்டாலும் நான் திறந்ததில்லை. தூசி இல்லாத அறை வைத்திருக்கும் மீட்புக் கூடங்களுக்கு மட்டுமே அது உரியது.

ஆனால் டிக் டிக் எல்லாம் சாவு மணி இல்லை. கோயில் தெருவுக்கு அருகே டிடிபி சென்டர் வைத்திருந்த அக்கா ஒருவர், ஆவணி முகூர்த்த நேரத்தில் ஆட்டோவில் சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். முப்பது நாற்பது கல்யாணப் பத்திரிகைகள் உள்ளே. ஏற்கெனவே இரண்டு பேர் பார்த்து டிஸ்க் போய்விட்டது என்று சொல்லியிருந்தார்கள். கண் கலங்கியிருந்தது. இணைத்தேன். டிக், டிக், நின்றது. மறுபடி சுழன்றது, டிக், நின்றது. அந்த நின்று போவதுதான் எனக்கு இடறியது. தலை தேடும் டிஸ்க் சுழல்வதை இவ்வளவு சீக்கிரம் விடாது. சிபியுவுக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் மஞ்சள் கம்பியில் மீட்டரை வைத்தேன். 12 வோல்ட் வரவேண்டிய இடத்தில், டிஸ்க் சுழல முயலும்போதெல்லாம் பத்தரைக்கு இறங்கியது. டிஸ்க் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதுதான் அதிக மின்சாரம் இழுக்கும், அதைக் கொடுக்க எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தெம்பில்லை. கழற்றிப் பார்த்தால் கபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது, ஓர் ஓரத்தில் காய்ந்துபோன பல்லி முட்டை இரண்டு. வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டியதும் பத்திரிகைகள் எல்லாம் அப்படியே திறந்தன. அக்கா அன்று சாயங்காலம் எனக்கும் பக்கத்து டீக்கடைக்காரருக்கும் சேர்த்து ரவா கேசரி கொண்டுவந்தார். அந்த டிஸ்க் அதற்குப் பிறகும் பல முகூர்த்தம் பார்த்தது.

எங்கள் பக்கத்தில் டிஸ்க்குகளைக் கொன்றதில் மின்சாரத்துக்குத்தான் முதலிடம். அந்த மின்வெட்டுக் காலத்தை இங்கே இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். 2008-இல் தொடங்கி 2012-இல் உச்சம் தொட்டது. சென்னைக்குள் அப்போது அறிவித்து நிறுத்தியது தினம் 2 மணி நேரம், சொல்லாமல் போனது தனி. போவதைவிட வருவதுதான் கெடுதல். விசிறி அரைச்சுற்று சுற்றும், போகும், மறுபடி வரும், டியூப்லைட் மினுக்கும், மறுபடி போகும். மின்சாரம் போன நொடியில், சுழலும் தட்டின் மிச்ச வேகத்தையே மின்சாரமாக்கித் தலையை ஓரத்துக்கு இழுத்துக்கொள்ளும் ஏற்பாடு டிஸ்க்கிலேயே உண்டு. தலை பிழைத்துவிடும். ஆனால் எழுதிக்கொண்டிருந்த வரி பாதியில் நிற்கும். அடுத்த தடவை நீல நிறத்தில் செக் டிஸ்க் ஓட ஆரம்பிக்கும். வீட்டில் ஸ்டெபிலைசர் ஃப்ரிட்ஜுக்கு இருந்தது, டிவிக்கு இருந்தது. கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் வாங்கச் சொன்னால், "பையன் கேம்தானே ஆடுறான்" என்பார்கள். அதே சிபியுவில்தான் தங்கையின் வளைகாப்புப் படங்களும் இருக்கும்.

அடுத்தது சூடு. கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழே, கேபினட்டைத் திறக்காமலேயே தொட்டால் கை சுடும். பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு உச்சவரம்பு 60 டிகிரி செல்சியஸ். கம்ப்யூட்டர் டேபிளில் சிபியுவுக்கென்று ஒரு மர அறை செய்து, அதற்குக் கதவும் போட்டு, தூசி படாமல் இருக்கட்டும் என்று துணியும் போர்த்தி வைத்திருப்பார்கள். பார்க்கும்போதே எனக்கு மூச்சு முட்டும். அதோடு ஏரிக்காற்று, எறும்பு. சூடான இடம் தேடி எறும்புப் புற்றே உள்ளே இருந்ததுண்டு. ஆயுத பூஜைக்கு மானிட்டருக்கும் சிபியுவுக்கும் சந்தனம், குங்குமம், விபூதி. அன்பாக வைத்ததுதான். ஆனால் காற்றுத்துளை மேலேயே மூன்று பட்டை போட்டால் விபூதி முழுக்க ஃபேன் வழியாக உள்ளே போகும். பொட்டை முன்பக்கம், பிளாஸ்டிக்கில் வைக்கச் சொல்லி ஒவ்வொரு வருஷமும் கெஞ்சுவேன்.

இந்தச் சத்தங்களையெல்லாம்விட எனக்குப் பயம் தந்தது வேறொரு வாக்கியம். "தம்பி, சிஸ்டம் ஸ்லோவா இருக்கு, ஃபார்மட் பண்ணிக் குடுத்துடுங்க."

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் அப்படித்தான் வந்தார். மடிப்புக் கலையாத வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. சுற்றுவட்டாரக் கிராமங்களின் பாட்டிமார்களிடம் கேட்டுக் கேட்டு, தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டுமாகப் பல வருஷம் சேர்த்துத் தட்டெழுதி வைத்திருந்தார். அகரம்தென், வேங்கைவாசல், ஒட்டியம்பாக்கம் என்று சைக்கிளிலேயே அலைந்து சேர்த்தது. ஒரு கோப்பைத் திறந்தால் ஐந்து நிமிடம் மணற்கடிகாரம் சுற்றுகிறது, மற்றது உடனே திறக்கிறது என்றார். ஒன்று மட்டும் நேரம் எடுக்கிறது என்பதுதான் குறிப்பு. விண்டோஸ் மந்தம் என்றால் எல்லாமே மந்தமாக இருக்கும். ஒரு கோப்பில் மட்டும் தடுக்கிறது என்றால், தட்டின் அந்த இடத்தைப் படிக்க முடியாமல் தலை திரும்பத் திரும்ப முயல்கிறது என்று அர்த்தம்.

டிஸ்க் தன்னைத்தானே கணக்கெடுத்துக்கொள்ளும் ஸ்மார்ட் என்ற ஏற்பாடு 1990-களின் நடுவிலிருந்து உண்டு. அதைப் படிக்கும் இலவச மென்பொருளைப் போட்டுக் காட்டினேன். 5-ஆம் எண், கெட்டுப்போன செக்டர்களுக்குப் பதிலாக மாற்று இடம் ஒதுக்கிய கணக்கு. 197-ஆம் எண், படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்பவை. இரண்டும் பூச்சியமாக இருக்கவேண்டும். அவருடையதில் 197 இரண்டு இலக்கத்தில் இருந்தது, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூடியது. அந்த நிலையில் ஃபார்மட் செய்தால் பாட்டுகளும் போகும், டிஸ்க்கும் தேறாது. முதலில் பாட்டுகள் இருந்த ஃபோல்டரை மட்டும் நகலெடுத்தேன். மற்றதெல்லாம் பிறகு. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கோப்பின் பெயரும் திரையில் நகரும்போது அந்தப் பாட்டைப் பாடிய பாட்டியின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். பலர் அதற்குள் காலமாகியிருந்தார்கள். இரவு கடையை மூடும் நேரத்துக்கு இரண்டு கோப்பு மட்டும் வரவில்லை. அவற்றின் காகிதப் படி வீட்டில் இருக்கிறது என்றார். ஆசிரியரல்லவா.

199-ஆம் எண் மட்டும் ஏறினால் பயப்படவேண்டாம் என்றும் அவரிடம் சொன்னேன். அது பெரும்பாலும் கேபிள் கோளாறு, சில நூறு ரூபாயில் தீரும்.

ஸ்மார்ட்டையே நம்பி இருந்துவிடவும் முடியாது. 2007-இல் கூகுளின் பின்ஹேரோ, வெபர், பரோசோ மூவரும் தங்கள் நிறுவனத்தில் ஓடிய லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதைக் கடையில் அச்செடுத்து வைத்திருந்தேன். ஸ்கேன் பிழை என்ற ஒன்று முதல் தடவை தலைகாட்டிய டிஸ்க், அடுத்த 60 நாளுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு மற்றவற்றைப் போல 39 மடங்கு என்று அதில் இருந்தது. அதே கட்டுரை, செயலிழந்தவற்றில் 36 சதவீதத்துக்கும் மேல் எந்த ஸ்மார்ட் எச்சரிக்கையும் தராமலேயே போயின என்றும் சொன்னது. சூட்டுக்கும் சாவுக்கும் நாங்கள் நினைத்த அளவு நெருக்கம் இல்லை, மிக அதிகச் சூட்டிலும் வயதான டிஸ்க்குகளிலும்தான் அது தெரிகிறது என்பதும் அவர்கள் கண்டது. குளிரூட்டிய அறைகளில் எடுத்த கணக்கு அது. எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் அவர்கள் கணக்கில் இல்லை என்பது என் எண்ணம், இன்றைக்கும்.

2011 கடைசியில் தாய்லாந்தில் வெள்ளம் வந்தது. உலகத்து ஹார்ட் டிஸ்க்குகளில் கணிசமான பங்கு அங்கேதான் உருவாகிக்கொண்டிருந்தது. தொழிற்சாலைகள் நீருக்கடியில் போனதும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலை ஏறக்குறைய இரட்டிப்பானது. முந்தின மாதம் சொன்ன விலையை அடுத்த மாதம் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. டிக் டிக் கேட்டவர்களும், "விலை இறங்கட்டும், அதுவரைக்கும் ஓட்டுவோம்" என்று தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பொங்கலுக்கும் சித்திரைக்கும் நடுவே நான் கைவிரிக்க நேர்ந்த டிஸ்க்குகள் மற்ற எந்த வருஷத்தையும்விட அதிகம்.

நான்கு வருஷம் கழித்து வெள்ளம் எங்கள் வாசலுக்கே வந்தது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாற்றுத் தண்ணீர் வீடுகளுக்குள் ஆளுயரம் நின்றது. மின்சாரம் திரும்பிய பிறகு, அந்தப் பக்கத்திலிருந்து பாலித்தீன் பைகளில் ஹார்ட் டிஸ்க்குகள் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றிலும் சேற்று வாடை. ஃப்ரிட்ஜ், மெத்தை, பீரோ எல்லாம் போய்விட்டது, இது மட்டும் கிடைத்தால் போதும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

டிஸ்க்கின் மூடியில் ஒரு குண்டூசித் துளை உண்டு. காற்றழுத்தத்தைச் சமப்படுத்துவதற்காக வைத்தது அது, மூடக்கூடாது என்று பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். அதன் வழியாகத்தான் சேற்றுநீர் புகுந்திருந்தது. வெயிலில் காயவைத்தால் வண்டல் தட்டிலேயே இறுகிவிடும். மின்சாரம் கொடுத்தால் தலை அந்த மண்ணில் மோதும். மொட்டை மாடியில் வடாம் காயவைப்பதுபோல இரண்டு நாள் காயவைத்து, சுழலவிட்டும் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு நான் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. காயவிடாமல், ஈரம் போகாத பையில் மூடி, அப்படியே மீட்புக் கூடத்துக்கு அனுப்பியவர்களில் சிலருக்குப் படங்கள் திரும்பக் கிடைத்தன. செலவு புதுக் கம்ப்யூட்டர் விலையைத் தாண்டியது. கணவனை இழந்த ஒரு அம்மா அதற்காக வளையலை அடகு வைத்தார். அவர் கணவர் பேரனுக்குப் பாட்டுச் சொல்லித்தரும் ஒரு வீடியோ மட்டும்தான் அவருக்கு வேண்டியிருந்தது. அது வந்தது. கடையில் போட்டுக் காட்டச் சொன்னார். நானும் டீக்கடைக்காரரும் வெளியே போய் நின்றுகொண்டோம்.

கடையை மூடிப் பல வருஷமாகிவிட்டது. அந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. தட்டும் தலையும் இல்லாத எஸ்எஸ்டிதான் எல்லா லேப்டாப்பிலும். வேகம், கீழே விழுந்தாலும் தாங்கும், வாங்கத் தயங்கவேண்டாம் என்றே எல்லோருக்கும் சொல்கிறேன். ஆனால் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தால் அதில் கேட்க ஒன்றுமில்லை. நேற்று வரை ஓடியது இன்று காலை தெரியவே தெரியாது என்று கையை விரித்துவிடும். மேல்வீட்டுப் பெண் தன் கல்லூரி பிராஜெக்டோடு அப்படித்தான் போன மாசி மாதம் வந்து நின்றாள். நல்லவேளையாக அவள் கைடுக்கு முந்தின வாரம் மின்னஞ்சலில் அனுப்பிய ஒரு பிரதி இருந்தது.

விமானப்படை சார் இருந்தபோது நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வழக்கம் வைத்தோம். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், யார் வேண்டுமானாலும் டிஸ்க்கைக் கொண்டுவரலாம். 5-ஐயும் 197-ஐயும் பார்த்துச் சொல்வோம், இன்னொரு டிஸ்க் கையில் கொண்டுவந்தால் அங்கேயே நகல் எடுத்துக் கொடுப்போம், காசு கிடையாது. நகலை அதே வீட்டில் அதே அலமாரியில் வைக்காமல் ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ மாமியார் வீட்டிலோ வைக்கச் சொல்வார் அவர். கடை போன பிறகும் வீட்டு வராந்தாவில் அது நடக்கிறது. போன வருஷம் டிடிபி அக்காவின் மகன் ஸ்டுடியோ டிஸ்க்குகளோடு முதல் ஆளாக வந்தான். சேலையூரிலிருந்து வந்த ஒருவருடைய டிஸ்க்கில் 197 பூச்சியத்தைத் தாண்டியிருந்தது. தீபாவளி போனஸ் வந்ததும் வாங்கிவிடுகிறேன் என்றார். அதுவரை இருக்கட்டும் என்று என் பழைய 500 ஜிபியில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தனுப்பினேன். கார்த்திகையில் புது டிஸ்க் வாங்கியதும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.